சுகர் வந்ததை வீட்ல சொல்லவா, வேண்டாமா?

இந்த தடவை நான் பதில் எழுத எடுத்துக்கிட்டது குரோம்பேட்டை பக்கம் இருக்கற ஒரு அம்மா அனுப்பின நீளமான லெட்டர். ஆள் யார்னு தெரியாம இருக்க சில விவரங்களை மாத்தியிருக்கேன். வயசு 42, நுங்கம்பாக்கத்துல ஒரு தனியார் ஃபைனான்ஸ் ஆபீஸ்ல வேலை, பொண்ணுக்கு 16, பையனுக்கு 11. பையன் வயித்துல இருந்தப்போ சுகர் வந்து கடைசி ரெண்டு மாசம் இன்சுலின் போட்டிருக்காங்க, டெலிவரி ஆனதும் நார்மல் ஆயிடுச்சுன்னு சொல்லிட்டாங்க, அதுக்கப்புறம் 11 வருஷம் ஒரு டெஸ்ட் கூட எடுக்கல. போன மாசம் ஆபீஸ்ல நடந்த ஹெல்த் செக்கப்ல வெறும் வயித்துல 152, சாப்பிட்ட பிறகு 248, மூணு மாச சராசரி சுகரைக் காட்டற எச்பிஏ1சி 7.9. ஹீமோகுளோபின் 9.8, கிட்னிக்கு பாக்கற கிரியாட்டினின் 0.7. உயரம் 155 செ.மீ, எடை 61 கிலோ.

அங்க இருந்த டாக்டர் மெட்ஃபார்மின்ங்கற சுகர் மாத்திரை 500 காலைலயும் ராத்திரியும் எழுதிக் கொடுத்திருக்கார். கொஞ்ச நாள் சாப்பிட்டதும் வயித்தைப் புரட்டி லூஸ் மோஷன் ஆகியிருக்கு, பக்கத்து ஃப்ளாட் அக்கா வேற "அது கிட்னிய காலி பண்ணிடும்"னு சொன்னதும் நிறுத்திட்டாங்க. இப்போ ஆவாரம்பூ டீயும் வெந்தயத் தண்ணியும் ஓடுது. போன்ல பாத்த விளம்பரத்தை நம்பி, 36,000 ரூபா கட்டினா 90 நாள்ல சுகர் முழுசா போயிடும், மாத்திரையே வேண்டாம்ங்கற பேக்கேஜ்ல சேரலாமான்னு யோசிக்கறாங்க. இதுல எதுவுமே வீட்டுக்காரருக்கு தெரியாது. அவருக்கே 8 வருஷமா சுகர். மாமியார் "உங்க வம்சத்துலருந்துதான் வந்துச்சு"ன்னு சொல்லிடுவாங்களோ, பொண்ணுக்கு நாளைக்கு வரன் பாக்கும்போது இது ஒரு பேச்சாயிடுமோன்னு பயம். இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் வேற புது பாலிசி ஃபார்ம்ல சுகர் இல்லன்னே போட்டுடலாம்ங்கறாராம். "எனக்கு ஒண்ணுமே செய்யல டாக்டர், தலைசுத்தல் கூட இல்ல, இது நிஜமாவே சுகர்தானா"ன்னு கேட்டு முடிச்சிருக்காங்க.

அம்மா, நிஜமாவே சுகர்தான். வெறும் வயித்துல 126க்கு மேல, எச்பிஏ1சி 6.5க்கு மேல, இந்த ரெண்டும் ஒண்ணா வந்தாலே போதும், உங்களுக்கு சாப்பிட்ட பிறகு எடுத்ததும் 200ஐ தாண்டியிருக்கு. இரும்புச்சத்து குறைஞ்சு ரத்தசோகை இருந்தா எச்பிஏ1சி நிஜத்தை விட கொஞ்சம் கூடுதலா காட்டும்ங்கறது உண்மைதான், அதனால 7.9ங்கறது 7.5ஆ கூட இருக்கலாம், ஆனா மத்த ரெண்டு நம்பரும் தனியா நின்னே சொல்லுது. ஆபீஸ் ஃப்ரெண்ட் "பார்டர்தான்"னு சொன்னதா எழுதியிருக்கீங்க, இது பார்டர் இல்ல.

ஒண்ணும் செய்யலைங்கறதை வச்சு ஆறுதல் பட்டுக்காதீங்க. தாகம், அடிக்கடி யூரின், எடை இறங்கறது இதெல்லாம் சுகர் நல்லா ஏறி ரொம்ப நாள் நின்ன பிறகு வர்றது. 150, 200ல ஓடிட்டிருக்கறப்போ உடம்பு வாயே திறக்காது. அந்த நேரத்துலயும் கண் நரம்பும் கிட்னியும் பாதிச்சுட்டேதான் இருக்கும். பெரியவங்களுக்கு பொதுவா வர்ற டைப் 2 சுகர்னு கண்டுபிடிக்கற அன்னைக்கே சிலருக்கு விழித்திரைல மாற்றம் ஆரம்பிச்சிருக்கும், அதனாலதான் முதல் நாளே கண் டெஸ்ட்டுக்கு அனுப்பறோம்.

இது போன மாசம் திடீர்னு வந்ததும் இல்ல. கர்ப்ப காலத்துல சுகர் வந்த பொண்ணுங்களுக்கு பின்னாடி டைப் 2 வர்ற வாய்ப்பு, வராதவங்களை விட 7 மடங்குக்கும் மேல. டெலிவரி ஆகி 6லருந்து 12 வாரத்துக்குள்ள குளுகோஸ் குடிச்சு ஒரு டெஸ்ட் எடுக்கணும், அது நார்மலா வந்தாலும் வருஷத்துக்கொரு தடவை, ரொம்ப தள்ளினா மூணு வருஷத்துக்கொரு தடவை வாழ்நாள் முழுக்க பாக்கணும். எல்லா கர்ப்பிணிகளுக்கும் சுகர் டெஸ்ட் கட்டாயம் பண்ணணும்னு நாட்டுக்கே எடுத்துச் சொன்ன டாக்டர் வி. சேஷய்யா நம்ம சென்னைல இருந்தவர், அவர் பிறந்த மார்ச் 10ஐத்தான் கர்ப்பகால சுகர் விழிப்புணர்வு நாளா வச்சிருக்காங்க. ஆனா டெலிவரிக்கு அப்புறம் என்ன நடக்குது? குழந்தைக்கு தடுப்பூசி அட்டை கொடுத்து தேதி போட்டு அனுப்பறோம், அம்மாவோட சுகரை யாரும் திரும்பக் கேக்கறதில்ல. நீங்க 11 வருஷம் விட்டது உங்க தப்புன்னு எழுதியிருக்கீங்க, அப்படி இல்ல, "நார்மல் ஆயிடுச்சு"ன்னு சொன்னவங்க மறுபடி எப்ப வரணும்னும் சொல்லியிருக்கணும்.

"நான் குண்டெல்லாம் இல்லையே"ன்னு ஒரு வரி இருக்கு. உங்க உயரத்துக்கும் எடைக்கும் கணக்கு போட்டா பிஎம்ஐ 25.4 வருது. வெள்ளைக்காரங்க அளவுல இது லேசான கூடுதல், நம்ம ஆளுங்களுக்கு 23லயே கூடுதல் ஆரம்பிச்சு 25ல உடல்பருமன் கணக்குல வந்துடும். புனேல டாக்டர் யாஜ்னிக் ரொம்ப வருஷமா காட்டிட்டு வர்ற விஷயம் இதுதான், நம்ம உடம்பு பாக்க ஒல்லியா இருக்கும், ஆனா தசை கம்மி, கொழுப்பு ஜாஸ்தி, அதுவும் வயித்துக்குள்ள. 2004ல அவர் ஒரு இங்கிலீஷ் டாக்டரோட தன்னை ஒப்பிட்டு ஒரு படம் போட்டார், ரெண்டு பேருக்கும் பிஎம்ஐ ஒரே 22.3, அந்த வெள்ளைக்காரருக்கு உடம்புல கொழுப்பு 9.1%, நம்மாளுக்கு 21.2%. அதனால வெயிங் மெஷினை விட இஞ்ச் டேப்பை நம்புங்க, தொப்புள் பக்கம் சுத்தளவு பொம்பளைங்களுக்கு 80 செ.மீக்குள்ள, ஆம்பளைங்களுக்கு 90க்குள்ள இருக்கணும்.

சென்னைல 1989ல எடுத்த சர்வேல பெரியவங்கள்ல 8.3% பேருக்கு சுகர், 2004ல அது 14.3%. 2023ல வெளியான, இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலோட (ஐசிஎம்ஆர்) இன்டியாப் ஆய்வுப்படி நாடு முழுக்க 10 கோடிக்கும் மேல, நகரத்துல 16.4%, கிராமத்துல 8.9%. இந்த வித்தியாசம் எங்கருந்து வருதுன்னு உங்க ஒரு நாளைப் பாத்தாலே தெரியுது. காலைல நாலே முக்காலுக்கு எழுந்து அடுப்படில நிக்கறீங்க, மின்சார ரயில், எட்டு மணி நேரம் நாற்காலி, மறுபடி ரயில், மறுபடி அடுப்படி, படுக்க பதினொன்னரை. நாள் பூரா ஓடற மாதிரி களைப்பு இருக்கு, ஆனா தசைக்கு வேலையே கிடைக்கல, தூக்கமும் அஞ்சு மணி நேரம்தான். தூக்கம் குறைஞ்சா இன்சுலின் சரியா வேலை செய்யாது, அதையும் கணக்குல வச்சுக்கோங்க.

மாத்திரையும் கிட்னியும்

மெட்ஃபார்மின் 1957லருந்து புழக்கத்துல இருக்கற மருந்து. அது கிட்னியைக் கெடுக்காது. இந்தப் பேச்சு எங்கருந்து வந்துச்சுன்னா, சுகராலயோ பிபியாலயோ கிட்னி ஏற்கனவே நல்லா கெட்டுப்போனவங்களுக்கு, கிட்னி எவ்வளவு வடிகட்டுதுன்னு காட்டற ஈஜிஎஃப்ஆர் 30க்கு கீழ போனா, நாங்க மெட்ஃபார்மினை நிறுத்துவோம், ஏன்னா அந்த மருந்து யூரின் வழியாத்தான் வெளிய போகணும். நிறுத்தறதைப் பாத்த சொந்தக்காரங்க "மாத்திரையாலதான் கிட்னி போச்சு, அதான் டாக்டரே நிறுத்திட்டார்"னு முடிவு பண்ணிடறாங்க. உங்க கிரியாட்டினின் 0.7, உங்களுக்கு அந்தக் கவலையே கிடையாது. கிட்னியைக் கெடுக்கறது கட்டுப்படாத சுகரும் பிபியும்தான், அப்புறம் மூட்டுவலிக்கு மெடிக்கல் ஷாப்ல கேட்டு வாங்கி மாசக்கணக்கா போடற வலி மாத்திரை.

வயித்தைப் புரட்டினது நிஜமான பக்கவிளைவு, நிறைய பேருக்கு வரும். ஆனா அதுக்கு வழி இருக்கு. நீங்க வெறும் வயித்துல போட்டிருக்கீங்க, எடுத்த எடுப்புல ரெண்டு மாத்திரை வேற. ராத்திரி சாப்பாட்டோட ஒரே ஒரு 500, அதுவும் மெதுவா கரையற எஸ்ஆர் மாத்திரையா, ஒண்ணு ரெண்டு வாரம் எடுத்து வயிறு பழகின பிறகு ஏத்திக்கலாம், இதை உங்க டாக்டர்கிட்ட சொல்லி எழுதி வாங்குங்க. தனியா மெட்ஃபார்மின் மட்டும் எடுத்தா சுகர் ரொம்ப இறங்கி மயக்கம் வர்றது அபூர்வம், அதனால வெள்ளிக்கிழமை விரதத்துக்கு பயப்பட வேண்டாம். ஆனா உங்க வீட்டுக்காரர் சாப்பிடற கிளிமிபிரைடுங்கற சுகர் மாத்திரை அப்படி இல்ல, சுகரை ரொம்ப இறக்கிடலாம், அவர் மாத்திரையைப் போட்டுட்டு சாப்பாட்டைத் தள்ளிப்போடக் கூடாது. மெட்ஃபார்மின் வருஷக்கணக்கா எடுத்தா பி12 குறையலாம், அதை அப்பப்ப டெஸ்ட் பண்ணி ஈடுகட்டிக்கலாம்.

ஆவாரம்பூ டீ குடிக்கணும்னு ஆசையா இருந்தா குடிங்க, சக்கரை போடாம. ராத்திரி ஊறவச்ச வெந்தயத்துல நார்ச்சத்து இருக்கு, கொஞ்சம் உதவும். ஆனா 248ஐ அது மட்டும் இறக்காது. பேர், லேபிள் இல்லாத டப்பால யாராவது பொடி கொடுத்தா மட்டும் தொடாதீங்க, அந்த மாதிரி பொடிகள்ல இங்கிலீஷ் சுகர் மாத்திரையையே கலந்து வித்து பிடிபட்டிருக்காங்க, சிலதுல ஈயம் பாதரசம் இருந்திருக்கு. சித்த மருத்துவம் வேணும்னா தாம்பரம் சானடோரியத்துல தேசிய சித்த மருத்துவ நிறுவனமே உங்களுக்கு பக்கத்துல இருக்கு, அங்க போங்க, ரெண்டு பக்கமும் என்ன எடுக்கறீங்கன்னு ரெண்டு டாக்டர்கிட்டயும் சொல்லிடுங்க.

36,000 ரூபா பேக்கேஜ்

இதுல பாதி உண்மை இருக்கறதாலதான் ஜனங்க ஏமாறாங்க. சுகர் வந்த ஆரம்ப வருஷங்கள்ல எடையை நல்லா இறக்கினா மாத்திரை இல்லாமலே எச்பிஏ1சி 6.5க்கு கீழ வந்து நிக்கறது நடக்கக்கூடிய விஷயம்தான், மருந்தே இல்லாம மூணு மாசமாவது அப்படி நின்னா அதை ரெமிஷன்னு சொல்றோம். பிரிட்டன்ல டைரக்ட்னு ஒரு ஆய்வு, 2017ல முதல் முடிவு வந்துச்சு. சுகர் வந்து 6 வருஷத்துக்குள்ள இருந்தவங்க, பிஎம்ஐ 27க்கு மேல, மூணுலருந்து அஞ்சு மாசம் தினமும் 850 கலோரி பக்கம் பானம் மட்டும் குடிச்சாங்க. ஒரு வருஷத்துல 46% பேருக்கு ரெமிஷன், ரெண்டாவது வருஷம் அதுவே 36%ஆ குறைஞ்சுச்சு. நல்லா பலன் கிடைச்சது 15 கிலோ குறைச்சவங்களுக்கு. 61 கிலோ இருக்கற, ரத்தசோகை உள்ள உங்களை அந்த மாதிரி பட்டினி போட்டா தசைதான் கரையும். உங்களுக்கு அஞ்சாறு கிலோ, அதுவும் ஆறேழு மாசத்துல, தசை குறையாம இறங்கினா போதும், அதுலயே நம்பர் நல்லா மாறும். ரெமிஷன் வரலாம், வராமலும் போகலாம். வந்தாலும் திரும்ப வரக்கூடியது, அதனால வருஷா வருஷம் டெஸ்ட் எடுத்துட்டே இருக்கணும். "முழுசா போயிடும்"னு யாரும் வாக்கு கொடுக்க முடியாது.

அப்படியும் சேரணும்னு தோணினா பணம் கட்டறதுக்கு முன்னாடி நேரா கேளுங்க. மருந்தை நிறுத்தச் சொல்ற டாக்டர் யார், அவரோட பதிவு எண் என்ன, அவரைப் பாக்க முடியுமா, கண்ணையும் யூரினையும் டெஸ்ட் பண்ணாம எப்படி ஆரம்பிக்கறீங்க, நடுவுல விட்டா பணம் திரும்ப வருமா. பதில் மழுப்பலா இருந்தா விட்டுடுங்க. கையில ஒட்டற சென்சார் 14 நாள் ஓடும், எந்த சாப்பாட்டுக்கு எவ்வளவு ஏறுதுன்னு காட்டும், அது நல்ல கருவிதான், தனியாவே வாங்கி ஒரு தடவை போட்டுப் பாக்கலாம். மெட்ஃபார்மின் மக்கள் மருந்தகத்துலயோ முதல்வர் மருந்தகத்துலயோ ரொம்ப குறைஞ்ச விலைக்கே கிடைக்குது. அந்த 36,000ல மிச்சமாகறது கண் டெஸ்ட், லேப் செலவு, நல்ல செருப்பு, முட்டை, மீன்னு ஒரு வருஷத்துக்கு உங்க ரெண்டு பேருக்கும் போதும்.

தள்ளிப்போடாம ஆரம்பிங்கன்னு நான் அழுத்திச் சொல்றதுக்கு காரணம் இருக்கு. பிரிட்டன்லயே யூகேபிடிஎஸ்னு 5,000க்கும் மேல புது சுகர் நோயாளிகளை வச்சு பல வருஷம் நடத்தின ஆய்வுல, ஆரம்பத்துலயே கட்டுப்படுத்தினவங்களுக்கு ஆய்வு முடிஞ்சு பத்து வருஷம் கழிச்சும் ஹார்ட் அட்டாக் கம்மியா இருந்துச்சு, நடுவுல ரெண்டு குரூப்புக்கும் சுகர் ஒரே அளவுக்கு வந்த பிறகும் கூட. நீங்க இப்போ அந்த ஆரம்பத்துலதான் இருக்கீங்க.

உங்க தட்டு

உங்க லெட்டர்ல என்னை ரொம்ப நேரம் யோசிக்க வச்சது இந்த இடம்தான். வீட்டுக்காரருக்கு சுகர்னு ராத்திரி ஏழரைக்கு சப்பாத்தி போட்டுக் கொடுக்கறீங்க, பிள்ளைங்களுக்கு தோசை, மாமியாருக்கு இட்லி. எல்லாரும் சாப்பிட்டு முடிச்சு ஒம்போதே முக்காலுக்கு, மதியத்து சாதம் வீணாப் போகக்கூடாதேன்னு அந்தப் பாத்திரத்துலயே மோர் ஊத்திப் பிசைஞ்சு ஊறுகாய் வச்சு சிங்க் பக்கத்துல நின்னுட்டே சாப்பிடறீங்க. சாதம், மோர், ஊறுகாய், அதோட படுக்கை. காய் தீந்துபோச்சு, முட்டை பையனுக்கு. எட்டு வருஷமா சுகர் சமையல் பண்ற வீட்ல, சுகருக்கு ஆகாத சாப்பாடு மட்டும் உங்களுக்குன்னு வந்து சேருது. சாதம் உலை வைக்கும்போதே அரை டம்ளர் அரிசியைக் குறைங்க, மிச்சமே வராது. எட்டு மணிக்குள்ள எல்லாரோடயும் உக்காந்து சாப்பிடுங்க, காயும் முட்டையும் உங்க தட்டுல முதல்ல விழட்டும்.

அரிசியை விட்டு சப்பாத்திக்கு மாறணும்னு கட்டாயம் இல்ல. மூணு சப்பாத்தியும் உருளைக்கிழங்கு குருமாவும் ஒரு தட்டு சாதம் ஏத்தற அளவுக்கு சுகரை ஏத்தும். கேழ்வரகுக் கஞ்சியும் அப்படித்தான், நைசா அரைச்சு கரைச்சு குடிச்சா சர்ருனு ஏறும், அதுக்கு பதில் அடை நல்லது. நாட்டுச்சக்கரை, கருப்பட்டி, தேன் எல்லாமே சக்கரைதான், உங்க காபில ரெண்டு ஸ்பூன் நாட்டுச்சக்கரை போட்டா வெள்ளைச் சக்கரைக்கு மாத்தா ஆயிடாது. மதியம் டப்பால பாதி காய், அதுவும் கிழங்கு இல்லாத காய், கால் பங்கு சுண்டலோ பருப்புக் கூட்டோ முட்டையோ மீனோ, கால் பங்குதான் சாதம். முதல்ல காய், அப்புறம் புரதம், கடைசில சாதம்னு சாப்பிட்டா அதே சாப்பாட்டுக்கே சுகர் கம்மியா ஏறும். நாலு மணிக்கு கேன்டீன் சமோசா இடத்துல வீட்லருந்து ஒரு சின்ன டப்பா சுண்டல். பழம் சாப்பிடலாம், ஒரு கொய்யா, இல்லன்னா பாதி ஆப்பிள், ஜூஸ் வேண்டாம். ஆபீஸ் பர்த்டே கேக் மாசத்துல எத்தனை வருதுன்னு நீங்களே எண்ணிப் பாருங்க.

சுகர் வந்து புதுசா இருக்கறவங்களுக்கு சாப்பாட்டுல மாவுச்சத்து பங்கை 50 சதவீதம் பக்கம் இறக்கி புரதத்தை 20 பக்கம் ஏத்தினா ரெமிஷன் வாய்ப்பு கூடும்னு இன்டியாப் ஆய்வுக்காரங்க 2022ல கணக்குப் போட்டிருக்காங்க. நம்ம வீட்டு சாப்பாட்டுல 60லருந்து 75% மாவுச்சத்து. இதுக்கு வெளிநாட்டு டயட் எதுவும் வேண்டாம், நான் மேல சொன்னதே அந்த மாற்றம்தான்.

நடைக்கு தனியா ஒரு மணி நேரம் உங்க நாள்ல கிடையாது, தெரியுது. மதியமும் ராத்திரியும் சாப்பிட்ட உடனே பத்து பதினஞ்சு நிமிஷம் நடங்க, ஆபீஸ் காரிடாரோ மொட்டை மாடியோ போதும், சாப்பிட்ட பிறகு நடக்கற நடைக்கு தனி பலன் இருக்கு. வாரத்துல ரெண்டு மூணு நாள் நாற்காலில உக்காந்து கையை ஊணாம எழுந்துக்கறது பத்து பத்து தடவையா, சுவத்துல கையை வச்சு தள்றது. சக்கரையை உள்ள வாங்கிக்கறது தசைதான், அதை வளக்காம சாப்பாட்டை மட்டும் குறைச்சா நிக்காது.

இன்ஷூரன்ஸ் ஃபார்ம்

இதுல ஏஜென்ட் சொல்றதைக் கேக்காதீங்க. உங்க ஆபீஸ் குரூப் பாலிசி இருக்கற வரைக்கும் பெரும்பாலும் பழைய வியாதிக்கும் கவர் இருக்கும், ஆனா வேலையை விட்டா அதுவும் போயிடும், அதனால தனியா ஒண்ணு எடுக்க நினைக்கறது சரிதான். சுகர்னு எழுதியே எடுங்க. முன்னாடியே இருக்கற வியாதிக்கு காத்திருப்பு காலம் அதிகபட்சம் 3 வருஷம்தான் வைக்கலாம்னு இன்ஷூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கற ஐஆர்டிஏஐ 2024ல குறைச்சிருக்கு, முன்ன அது 4. தொடர்ந்து 5 வருஷம் பிரீமியம் கட்டிட்டா அப்புறம் "நீங்க சொல்லல"ன்னு கிளெய்மை மறுக்க முடியாது, மோசடின்னு நிரூபிச்சா தவிர. ஏஜென்ட் அந்த 5 வருஷத்தை நம்பித்தான் பேசறார். ஆனா நடுவுலயே நெஞ்சுவலின்னு அட்மிட் ஆனா கம்பெனி முதல்ல கேக்கறது பழைய லேப் ரிப்போர்ட், உங்க ரிப்போர்ட்ல தேதியோட 7.9 இருக்கு. தெரிஞ்சே மறைச்சது மோசடி கணக்குலயும் வரலாம், பாலிசியே ரத்தாகலாம், அப்போ கையெழுத்து உங்களது, ஏஜென்டோடது இல்ல. பிரீமியம் கொஞ்சம் கூடும், ஒண்ணு ரெண்டு கம்பெனி மறுக்கலாம், மூணாவதைக் கேளுங்க. உண்மையை எழுதியும் பின்னாடி கிளெய்மை மறுத்தா, முதல்ல கம்பெனியோட புகார் பிரிவு, அங்க சரியா வரலன்னா குறைதீர்ப்பாளரான இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன், சென்னைலயே ஆபீஸ் இருக்கு, கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்ல.

வீட்ல சொல்றது

சொல்லணும்னு உங்களை கட்டாயப்படுத்த எனக்கு உரிமை இல்ல. உங்க ரிப்போர்ட் உங்களோடது, உங்க அனுமதி இல்லாம டாக்டர் அதை உங்க வீட்டுக்காரர்கிட்ட கூட சொல்லக்கூடாது. ஆனா மறைச்சு வச்சா மேல சொன்னதுல ஒண்ணு கூட நடக்காதுங்கறதுதான் என் கவலை. மாத்திரையை எங்க வைப்பீங்க, எட்டு மணிக்கு சாப்பிட உக்காந்தா பாத்திரம் யார் கழுவுவாங்க, சாதம் ஏன் குறைஞ்சுச்சுன்னு கேட்டா என்ன சொல்வீங்க? மொத்த வீட்டுக்கும் முன்னாடி அறிவிக்க வேண்டாம். முதல்ல வீட்டுக்காரர்கிட்ட மட்டும், தனியா, ரிப்போர்ட்டை கையில கொடுத்து சொல்லுங்க. எட்டு வருஷமா அதே வியாதியோட இருக்கறவர், அவருக்கு புரியாம போகாது. மாமியார்கிட்ட அவரே சொல்லட்டும். வம்சம்னு பேச்சு வந்தா, உங்க பிள்ளைங்களுக்கு ரெண்டு பக்கத்துலருந்தும் வர்ற வாய்ப்பு இருக்குங்கறதுதான் உண்மை, அதனால யாரைக் குத்தம் சொல்லியும் பிரயோஜனமில்ல, வீட்டு சாப்பாட்டை மொத்தமா மாத்தறதுதான் பேச வேண்டிய விஷயம்.

அவர்கிட்ட பேச வேண்டியதுக்கு இன்னொரு காரணம், நீங்க போற போக்குல எழுதின ஒரு வரி. நடக்கும்போது செருப்பு கால்லருந்து கழண்டு விழுந்தது கூட தெரியாம அவர் ரெண்டு அடி நடந்து போறாருன்னு சிரிப்பா எழுதியிருக்கீங்க. அது ஞாபகமறதி இல்லம்மா. கால் நரம்பு மரத்துப்போயிருக்கறதுக்கு நாங்க முதல்ல கேக்கற கேள்வியே அதுதான். இந்த லெட்டர்ல உடனே கவனிக்க வேண்டியது உங்க 7.9 கூட இல்ல, இதுதான். இந்த வாரமே அவரை சுகர் டாக்டர்கிட்ட கூட்டிட்டு போய் பாதத்துல மெல்லிய நைலான் இழையால தொட்டுப் பாக்கற டெஸ்ட்டும் கால் ரத்த ஓட்டமும் பாக்கச் சொல்லுங்க. அவர் வெறும் வயித்துல மட்டும் டெஸ்ட் எடுத்து "120தான், சூப்பர்"னு இருக்கார், எச்பிஏ1சி எடுத்து எவ்வளவு நாளாச்சோ. அதுவரைக்கும் வீட்டுக்குள்ளயும் செருப்பு, பின்பக்கம் பட்டை வச்சது. கோயில்ல வெயில்ல காஞ்ச கல்லுல வெறுங்கால் வேண்டாம், சூடு தெரியாம கொப்பளிச்சுடும். தினமும் ராத்திரி பாதத்தை திருப்பி நீங்களோ பொண்ணோ பாருங்க, புண்ணு, வெடிப்பு, நிறம் மாறினது எதா இருந்தாலும் அடுத்த நாளே காட்டணும், மஞ்சள் பத்து போட்டு காத்திருக்கக் கூடாது.

பொண்ணைப் பத்தி, கழுத்துக்குப் பின்னாடி கறுப்பா தடிச்சு இருக்கு, எலுமிச்சம்பழம் வச்சு தேய்ச்சும் போகல, பீரியட்ஸ் மூணு மாசத்துக்கொரு தடவைதான் வருதுன்னு எழுதியிருக்கீங்க. அந்தக் கறுப்பு அழுக்கு இல்ல, தேய்ச்சு அந்தப் பிள்ளையோட தோலைப் புண்ணாக்காதீங்க. உடம்புல இன்சுலின் சரியா வேலை செய்யாதப்போ கழுத்துலயும் அக்குள்லயும் அப்படி வரும், பீரியட்ஸ் தள்ளறதும் அதோட சேந்தது, சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சனையான பிசிஓஎஸ்ஸா இருக்கலாம். ஒரு சுகர் டெஸ்ட்டும் மகப்பேறு டாக்டரும் போதும், பயமுறுத்தாம கூட்டிட்டு போங்க. வரனுக்கு பயந்து மறைச்சீங்கன்னா பாதிப்பு அவளுக்குத்தான், நாளைக்கு அவ கர்ப்பமாகும்போது டாக்டர்கிட்ட சொல்ல வேண்டிய முதல் தகவல் "எங்க அம்மாவுக்கு சுகர்"ங்கறது.

உங்க தங்கச்சிக்கும் சொல்லி டெஸ்ட் எடுக்க வைங்க. சென்னைல டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு சுகருக்கு முந்தின கட்டத்துல இருந்தவங்களை மூணு வருஷம் பாத்து 2006ல வெளியிட்டாங்க, சும்மா விட்டவங்கள்ல 55% பேருக்கு சுகர் வந்துடுச்சு, சாப்பாடும் நடையும் மாத்தினவங்கள்ல 39%. உங்க தங்கச்சி அந்தக் கட்டத்துலயே பிடிபட்டா நல்லது.

இப்போ நீங்க செய்ய வேண்டியது. ஒரு சுகர் டாக்டரைப் பாத்து மாத்திரையை மறுபடி ஆரம்பிங்க. பிபி, கொலஸ்ட்ரால், யூரின்ல ஆல்புமின், தைராய்டு பாத்துடுங்க. விழித்திரை டெஸ்ட்டுக்கு கண்ல சொட்டு விடுவாங்க, நாலஞ்சு மணி நேரம் பார்வை மங்கலா இருக்கும், ஸ்கூட்டி எடுத்துட்டு போகாதீங்க, பொண்ணையோ வீட்டுக்காரரையோ கூட்டிட்டு போங்க, அவருக்கும் அதே நாள்ல எடுத்துடலாம். ஹீமோகுளோபின் 9.8க்கு காரணம் நீங்க எழுதின அந்த அதிகப்படியான உதிரப்போக்காத்தான் இருக்கணும், மகப்பேறு டாக்டர் ஒரு ஸ்கேன் பாத்துடட்டும், இரும்பு மாத்திரையை காபியோட சேத்து போடாதீங்க, சத்து ஏறாது.

மூணு மாசம் கழிச்சு எச்பிஏ1சி எடுக்கும்போது அதே நாள்ல ஹீமோகுளோபினும், வெறும் வயித்துலயும் சாப்பிட்ட பிறகும் சுகரும் சேத்து எடுங்க. இரும்பு ஏறி புது ரத்த அணுக்கள் வர ஆரம்பிச்சா எச்பிஏ1சி கொஞ்சம் தானாவே இறங்கிக் காட்டும், அது மட்டும் பாத்துட்டு சுகர் கட்டுப்பட்டுடுச்சுன்னு மாத்திரையைக் குறைச்சுடக் கூடாது. நாலு நம்பரையும் ஒண்ணா வச்சுத்தான் டாக்டர் முடிவு பண்ணணும். டெஸ்ட்டுக்கு முந்தின ரெண்டு நாள் பட்டினி கிடக்காதீங்க, எப்பவும் சாப்பிடற மாதிரியே சாப்பிட்டுட்டு போங்க. அந்த ரிப்போர்ட் வந்ததும் எழுதுங்க, வீட்டுக்காரரோட கால் டெஸ்ட்ல என்ன சொன்னாங்கங்கறதையும் சேத்து எழுதுங்க.